தொண்டும் சோர்வும்

தேவர்களும் அசுரர்களும் கூடித் திருப்பாற்கடலைக் கடைந்தபோது, அமுதம் தோன்றுவதற்கு முன்னர் ஆலகால விஷம் தோன்றியது. அதன் வெம்மை தாங்காது எல்லோரும் ஓடிச்சென்று கயிலையில் சரண் புகுந்தனர். சிவபெருமான் அவ்விஷத்தை எடுத்து உண்டார். அருகிருந்த உமையம்மை தமது திருக்கரத்தால் அவரது கண்டத்தைப் பற்ற, விஷம் அங்கேயே நின்றது. பெருமான் நீலகண்டர் ஆனார். சைவ மக்கள் அனைவரும் அறிந்த வரலாறு இது.

ஆயினும் இவ்வரலாற்றின் பிற்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. ஆந்திர மாநிலத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே சுருட்டப்பள்ளி என்னும் தலம் ஒன்று உண்டு. அங்கு உறையும் இறைவனுக்குப் பள்ளிகொண்டீஸ்வரர் என்று பெயர். ஏனைய சிவாலயங்களில் இலிங்கத் திருமேனியாக அருள்புரியும் இறைவன், இங்கே அம்பிகையின் மடியில் தலைசாய்த்துப் படுத்திருக்கும் கோலத்தில் காட்சி தருகின்றார். விஷம் உண்ட களைப்புத் தீரப் பெருமான் பள்ளிகொண்டார் என்பது தலவரலாறு. எல்லாம் வல்ல இறைவனுக்கே களைப்பு உண்டு என்றும், அக்களைப்பைத் தாங்க ஒரு மடி வேண்டும் என்றும் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அதில் இறைவனுக்கு ஓர் இழுக்கு இருப்பதாக அவர்கள் எண்ணவில்லை.

அண்மைக் காலத்தில் உலகம் முழுவதும் ஒரு விஷம் பரவியது. 2020 ஆம் ஆண்டு தொடக்கம் மனித குலத்தை ஆட்டிப்படைத்த கொரோனாப் பெருந்தொற்றே அது. மக்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருக்க, அந்த விஷத்தின் எதிரே நின்றவர்களுள் முதல் வரிசையில் இருந்தவர்கள் தாதியர்கள். அவர்களைத் தெய்வங்கள் என்று உலகம் புகழ்ந்தது. ஆனால் விஷம் உண்டவர்கள் தலைசாய்க்க எந்த மடி இருந்தது? தொண்டு செய்பவர் சோர்ந்துபோவது குற்றமா? அந்தச் சோர்வுக்கு யார் பொறுப்பு? பெருந்தொற்று ஓய்ந்த பின்னரும் இக்கேள்விகள் ஓயவில்லை. அறம் பற்றிச் சிந்திப்போர் தவிர்க்க முடியாத கேள்விகள் இவை.

நான்கு கால்களில் ஒன்று

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் குறிப்பிடுவது உழைச்செல்வானை. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவரே உழைச்செல்வான். இன்றைய மொழியில் சொல்வதானால் தாதி. ஆயுர்வேதத்தின் மூலநூல்களுள் ஒன்றாகிய சரக சங்கிதையும் சிகிச்சைக்கு நான்கு பாதங்கள் என்று கூறி, அவற்றுள் பணிவிடை செய்பவரையும் ஒரு பாதமாக வைக்கின்றது. அறிவு, செயல்திறன், நோயாளி மீது அன்பு, தூய்மை ஆகிய நான்கும் அவருக்கு வேண்டிய குணங்கள் என்றும் அது விதிக்கின்றது.

நான்கு கால் உள்ள கட்டிலில் ஒரு கால் உளுத்துப்போனால் மற்ற மூன்றும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. தாதியின் மனமும் உடலும் நலமாக இருப்பது தாதிக்கு மட்டும் உரிய விடயம் அல்ல என்பதை இக்குறள் ஒன்றே உணர்த்தப் போதுமானது. இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் மூச்சில் தோன்றும் மாற்றத்தை முதலில் காண்பவர் அவரே. மருந்தின் அளவைச் சரிபார்த்து ஏற்றுபவரும் அவரே. அக்கண்களில் உறக்கமும் அம்மனத்தில் பாரமும் நிறைந்திருந்தால் அதன் விளைவு கட்டிலில் கிடப்பவரையே சென்று சேரும்.

பெருந்தொற்றுக் காலத்துத் தாதியர்

இலங்கையில் முதலாவது கொரோனா நோயாளி 2020 ஜனவரி 27 ஆம் திகதி இனங்காணப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணியான அப்பெண்மணி அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்து நாடு திரும்பினார். மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஒக்டோபரில் இரண்டாவது அலை எழுந்தது. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையோடு தொடர்புபட்ட தொற்றுக் கொத்தணி வெளிப்பட்டபோது, அதுவரை தொலைக்காட்சியில் கண்ட நோய் இக்கரையோரத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. 2021 ஓகஸ்ட் மாதத்தில் நாட்டில் ஒரே நாளில் பதிவான மரணங்கள் 200 ஐத் தாண்டிய நாட்களும் இருந்தன. எல்லாமாக 16,000 இற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்குப் பலியாகினர்.

இந்த எண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கட்டில் இருந்தது. அக்கட்டிலின் அருகே ஒரு தாதி இருந்தார். தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு அங்கியை அணிந்தால் கடமை முடியும்வரை தண்ணீர் குடிக்க முடியாது. மலசலகூடம் செல்ல முடியாது. கரையோரத்து வெக்கையில் அந்த அங்கிக்குள் வியர்வை வடிந்துகொண்டே இருக்கும். முகக் கவசம் அழுத்திய தழும்பு கன்னத்தில் கிடக்கும். முகம் தெரியாத காரணத்தால் அங்கியின் மேல் பெயரை எழுதிக்கொண்டே பலர் பணியாற்றினர். அவர்கள் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என எல்லா இனத்தையும் சேர்ந்தவர்கள். கட்டிலில் கிடந்தவர்களும் அவ்வாறே. "மிஸ்... மிஸ்..." என்று கூப்பிட்ட குரலுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை.

கடமை முடிந்தால் வீடு. ஆனால் வீட்டுக்குப் போவதும் எளிதாக இருக்கவில்லை. கைக்குழந்தையை அம்மம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வாரக்கணக்கில் விடுதியில் தங்கிய தாய்மார் பலர். வீட்டுக்கு வந்தவர்களும் ஓடிவரும் பிள்ளையைக் கை காட்டித் தடுத்துவிட்டு, கிணற்றடியில் குளித்து உடை மாற்றிய பின்னரே உள்ளே சென்றனர். உலகின் பல பாகங்களிலும் தாதியர் வாடகை வீட்டிலிருந்து எழுப்பப்பட்டனர், அயலவர்களால் ஒதுக்கப்பட்டனர். தம்மால் வீட்டிலுள்ள முதியவர் ஒருவருக்கு நோய் வந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களை உறக்கத்திலும் விடவில்லை.

பெருந்தொற்றின் தொடக்க மாதங்களிலேயே சீனாவின் 34 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 1,257 வைத்தியர்களிடமும் தாதியரிடமும் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களுள் பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், மூன்றில் ஒரு பங்கினரிடம் தூக்கமின்மையும் காணப்பட்டன. தாதியரும், பெண்களும், நோயாளர்களை நேரடியாகப் பராமரித்தவர்களும் ஏனையோரை விடக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். சீனாவில் கண்ட இந்நிலைமை பின்னர் வேறு பல நாடுகளிலும் கண்டறியப்பட்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் ஏறத்தாழ 115,000 சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவினால் உயிரிழந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

மூன்று வகைச் சோர்வு

சோர்வு என்று ஒரே சொல்லால் கூறினாலும் அதற்குள் வெவ்வேறான மூன்று துன்பங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிந்தால்தான் பரிகாரம் தேட முடியும்.

முதலாவது உடலின் சோர்வு. தாதியரின் இரவுக் கடமை மாலை ஏழு மணி முதல் மறுநாள் காலை ஏழு மணி வரை நீள்வது வழமை. பக்கத்திலுள்ளவர் தனிமைப்படுத்தலுக்குச் சென்றால் அவரது வேலையும் சேர்ந்துகொள்ளும். இச்சோர்வுக்கு உறக்கமும் உணவும் ஓய்வும் மருந்தாகும்.

இரண்டாவது மனம் எரிந்து தீர்தல். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. எண்ணெய் தீர்ந்த பின்னும் விளக்கு எரிந்தால் திரி கருகும். அவ்வாறே ஓய்வின்றிப் பிறர் துன்பத்தில் ஈடுபட்ட மனம் ஒரு கட்டத்தில் வெறுமையாகிவிடுகின்றது. முன்பு கண்ணீர் வரவழைத்த காட்சி இப்போது எதையும் வரவழைப்பதில்லை. நோயாளி மீது எரிச்சல் உண்டாகின்றது. "எதைச் செய்து என்ன பயன்" என்ற எண்ணம் குடிகொள்கின்றது. 2019 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டில் இதனைச் சேர்த்தபோது ஒரு முக்கியமான விளக்கத்தைக் கொடுத்தது. இது ஒரு நோய் அல்ல. வேலைத்தளத்தில் தொடர்ந்து நிலவி, சரிவரக் கையாளப்படாத நெருக்கடியினால் விளைவது என்பதே அவ்விளக்கம். எனவே எரிந்துபோன தாதியைப் பார்த்து, "உனக்கு மன உறுதி போதாது" என்று கூறுவது தவறு. திரியைக் குறை கூறுமுன் எண்ணெய் வார்க்க மறந்தவர் யார் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது துன்பமே மிக ஆழமானது. தமிழில் தர்மசங்கடம் என்றொரு சொல் உண்டு. இன்று அது கூச்சமான ஒரு நிலைமையைக் குறிக்கப் பயன்படுகின்றது. அதன் உண்மைப் பொருள், அறத்துக்கும் அறத்துக்கும் இடையே அகப்பட்டுக்கொள்ளுதல். சரியானது எதுவென்று தெரிந்திருந்தும், விதிகளும் வசதியின்மையும் தடுப்பதால் அதைச் செய்ய முடியாதிருக்கும் நிலையை, 1984 ஆம் ஆண்டிலேயே அன்ட்ரூ ஜேம்ற்றன் என்னும் அமெரிக்க அறிஞர் தாதியியல் பற்றிய தமது நூலில் எடுத்துக்காட்டினார்.

பெருந்தொற்றுக் காலத்தில் இத்தர்மசங்கடம் ஒவ்வொரு விடுதியிலும் இருந்தது. இறக்கும் தறுவாயில் உள்ளவரைப் பிள்ளைகள் பார்க்க அனுமதி இல்லை. வாயில் ஒரு துளி தண்ணீர் விட உறவினர் இல்லை. தொலைபேசியை நோயாளியின் காதருகே பிடித்துக்கொண்டு, மறுமுனையில் அழும் மகளின் குரலைத் தாதியே கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இக்கரையோரத்தில் இன்னொரு துயரமும் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல் கொரோனாவால் இறந்த அனைவரையும் தகனம் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. உடலை நல்லடக்கம் செய்வதைத் தமது மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் கதறின. 2021 பெப்ரவரியில் அக்கட்டாயம் நீக்கப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை அத்துயரம் நீடித்தது. 2024 ஜூலையில் அரசாங்கம் இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இறந்தவருக்குரிய கிரியை எவ்வளவு புனிதமானது என்பதை அறிந்த சைவ மக்களுக்கு அத்துன்பத்தை விளக்கத் தேவையில்லை. அவ்விதியை எழுதியவர்கள் தாதியர்கள் அல்லர். ஆனால் உயிர் பிரிந்த கட்டிலின் அருகே நின்று, அக்குடும்பங்களின் முகத்தைப் பார்த்தவர்கள் அவர்களே.

இத்தகைய காயம் இரண்டு நாள் உறக்கத்தால் ஆறாது. "என்னால் இயன்றதைச் செய்தேனா?" என்ற கேள்வி பல வருடங்களுக்குப் பின்னரும் நள்ளிரவில் எழுந்து நிற்கும். அதற்கு மருந்து, அக்கேள்வியைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு செவியே.

தெய்வம் என்னும் புகழ்ச்சி

நவீன தாதியியலின் தாயாகப் போற்றப்படுபவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1820 மே 12 இல் பிறந்த அவர், 1854 இல் 38 பெண்களோடு கிரைமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பராமரிக்கச் சென்றார். இரவில் கையில் விளக்கேந்தி அவர் நோயாளர்களைப் பார்வையிட்ட காட்சி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அப்பணியின்போது கடும் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட அவர், நாடு திரும்பிய பின் பல ஆண்டுகளைப் பெரும்பாலும் படுக்கை அறையிலேயே கழித்தார். அங்கிருந்தபடியே நூல்கள் எழுதினார். தாதியர் பயிற்சிப் பாடசாலை அமைக்க வழிகாட்டினார். விளக்கை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. படுக்கையை மறந்துவிட்டது.

அவரது இருநூறாவது பிறந்த ஆண்டை முன்னிட்டு, 2020 ஆம் ஆண்டைத் தாதியர் மற்றும் மருத்துவமாதர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அதே ஆண்டில்தான் பெருந்தொற்றும் வந்தது. 2020 மார்ச் 22 ஆம் திகதி மாலை ஐந்து மணிக்கு இந்திய மக்கள் தம் வீட்டு வாசல்களில் நின்று, கைதட்டியும் தட்டுக்களைத் தட்டியும் மணி அடித்தும் சுகாதாரப் பணியாளருக்கு நன்றி கூறினர். சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 22 இல், சுகாதாரப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தை இந்திய அரசு கொண்டுவர நேர்ந்தது. கைதட்டிய அதே சமூகத்தில், அச்சத்தின் காரணமாக அவர்கள் மீது கல்லெறிந்தவர்களும் இருந்தனர்.

கேரளத்தின் பேராம்பிராவில் லினி என்னும் தாதி 2018 மே மாதத்தில் நிபா நோயாளி ஒருவரைப் பராமரித்து, அந்நோய் தொற்றி உயிரிழந்தார். அவருக்கு இரண்டு சிறு ஆண் குழந்தைகள். தனிமைப்படுத்தப்பட்ட படுக்கையிலிருந்து தம் கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதம் இந்தியா முழுவதையும் கண்கலங்க வைத்தது. அக்கடிதத்தில் வீர வசனம் எதுவும் இல்லை. பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு தாயின் கவலையே இருந்தது.

தெய்வம் என்று புகழ்வதில் உள்ள ஆபத்து இங்கே புலப்படுகின்றது. புகழ்பவரின் உள்ளம் தூயதாகவே இருக்கலாம். ஆனால் தெய்வத்துக்குப் பசியில்லை, உறக்கமில்லை, சம்பளமில்லை, அழும் பிள்ளையுமில்லை என்ற எண்ணம் அப்புகழ்ச்சிக்குள் ஒளிந்து நிற்கின்றது. பீடத்தில் ஏற்றப்பட்டவர், "எனக்கு முடியவில்லை" என்று சொல்ல வாய் திறக்க முடியாது. சொன்னால் தெய்வம் அல்லவென்று ஆகிவிடும். எனவே அவர் வாய்மூடிச் சிரித்துக்கொண்டு உள்ளே எரிகின்றார். ஆலய விழாக்களில் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பது நல்ல மரபுதான். ஆயினும் போர்த்தியவர்கள் மறுநாள் அவரிடம் "நீங்கள் நன்றாக உறங்கினீர்களா, தங்கச்சி?" என்று கேட்கவில்லையானால், அப்பொன்னாடை அவரது சோர்வை மூடி மறைக்கும் துணியாகவே முடியும்.

உண்மைத் தொண்டர் சோரலாமா?

இவ்விடத்தில் சிலர் ஓர் ஆட்சேபத்தை எழுப்பக்கூடும். பலனை எதிர்பாராது கடமையைச் செய் என்று கீதை சொல்கின்றதே. தொண்டே வாழ்வாகக் கொண்ட அடியார்கள் சோர்ந்ததுண்டா என்பது அவ்வாட்சேபம். இது எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. தொண்டின் இன்பம் மெய்யானது. தாதியருட் பலர் அவ்வின்பத்தினாலேயே அக்காலத்தைக் கடந்தனர்.

ஆனால் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றை முழுமையாகப் படித்தால் விடை கிடைக்கும். உழவாரப் படையைக் கையிலேந்தி ஊர் ஊராகத் தொண்டு செய்த பெருமகன் அவர். சூலை நோயால் துடித்தபோது அவர் தாங்கும் இடமாக நாடிச் சென்றது தமக்கையார் திலகவதியாரை. முதுமையில் கயிலையைக் காண விரும்பி வடக்கே நடந்தார். கால்கள் தேய்ந்தன; கைகளால் தாவினார்; மார்பால் ஊர்ந்தார்; பின் புரண்டார். உடல் முழுவதும் நைந்த நிலையில் இறைவன் ஒரு முனிவர் வடிவில் வந்து, இவ்வுடலோடு கயிலை செல்லல் அரிது, திரும்பிச் செல்க என்றார். அப்பர் உடன்படவில்லை. இறைவன் அவரை அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தருளினார். பெரியபுராணம் கூறும் இச்செய்தியில், போதும் என்று முதலில் சொன்னவர் இறைவனே. உடல் நைந்தும் மேலே செல்லத் துடித்த அடியாரை அவர் தடுத்தார். அவரது அன்பைக் குறைவாகவும் மதிக்கவில்லை. அவர் வேண்டிய காட்சியையும் மறுக்கவில்லை.

கீதையும் இதற்கு மாறானதன்று. அதன் ஆறாவது அத்தியாயத்தில் கண்ணபிரான், மிகையாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகையாக உறங்குபவனுக்கும் உறங்காதே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கின்றார். உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவோடு இருப்பவனுக்கே அது துன்பம் தீர்ப்பதாகும் என்கின்றார். பலனைத் துறக்கச் சொன்ன நூல் உறக்கத்தைத் துறக்கச் சொல்லவில்லை.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. "சம்பளம் வாங்குகிறார்கள்தானே, அது அவர்களின் தொழில்தானே" என்பது அது. சம்பளம் வேலை நேரத்துக்குரியது. பிறரின் மரணத்தைத் தினமும் தாங்கும் மனத்துக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் விலை குறிக்கப்படவில்லை. கடமை ஒரு கைக்கு மட்டும் உரியதன்று. தொண்டு செய்வது தாதியின் தர்மம் என்றால், தொண்டரைத் தாங்குவது தொண்டு பெற்றவர்களின் தர்மம். ஒரு பக்கம் மட்டும் நிறைவேறினால் அது தர்மமாகாது; அதற்குச் சுரண்டல் என்று பெயர்.

மனநலம் என்பதில் வெட்கம் இல்லை

2020 ஏப்ரலில், நியூயோர்க் நகரில் பணியாற்றிய லோர்னா பிறீன் என்னும் அவசர சிகிச்சை வைத்தியர், தாமும் கொரோனாவுக்கு ஆளாகி மீண்டு, மறுபடியும் கடமைக்குச் சென்று, மனம் தளர்ந்த நிலையில் தமது உயிரை இழந்தார். மனநல உதவி பெற்றால் தமது தொழிலுக்குப் பாதிப்பு வருமோ என அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் கூறினர். அவரது பெயராலேயே சுகாதாரப் பணியாளரின் மனநலம் காக்கும் சட்டம் ஒன்று 2022 மார்ச்சில் அமெரிக்காவில் நிறைவேறியது. வைத்தியரே உதவி கேட்க வெட்கப்படும் உலகில், கிராமத்துத் தாதி ஒருவர் வெட்கப்படுவதில் வியப்பில்லை. "நேர்சுக்கே மனசு சரியில்லையாம்" என்று ஊர் பேசுமே என்ற பயம் அவரைத் தடுக்கின்றது.

இப்பிரதேச மக்களுக்கு இவ்விடயம் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கிக் கரையோரக் கிராமங்களை அழித்த பின்னர், உயிர் தப்பியவர்கள் பலர் மாதக்கணக்கில் உறங்க முடியாமல் தவித்தனர். அலையோசை கேட்டாலே நடுங்கினர். மனக்காயமும் காயமே, அதற்கும் வைத்தியம் உண்டு என்பதை இக்கரையோரம் அப்போது கற்றுக்கொண்டது. மறு ஆண்டிலேயே இலங்கைக்கு ஒரு தேசிய மனநலக் கொள்கை உருவானது. உளவளத்துணை என்ற சொல் கிராமங்கள் வரை வந்து சேர்ந்தது. அன்று கற்ற பாடத்தை இன்று தாதியருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

வாரக்கணக்கில் உறக்கமின்மை, காரணமின்றி வரும் அழுகை அல்லது கோபம், பிள்ளைகளிடம்கூட ஒட்டாத தன்மை, வாழ்வதில் விருப்பமின்மை ஆகியவை தோன்றினால் காத்திருக்கக் கூடாது. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். ஆலயத்துக்கு வந்து அழுது வணங்குவது மனதுக்கு ஆறுதல் தரும். அதனோடு மருத்துவ உதவியையும் பெறுவது பக்திக் குறைவாகாது. காய்ச்சலுக்கு மருந்து உண்பவர் திருநீற்றைக் கைவிடுவதில்லை அல்லவா?

குளிர்த்தி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வைகாசி மாதம் பிறந்தால் கண்ணகை அம்மன் ஆலயங்களின் கதவு திறக்கும். தம்பிலுவில், காரைதீவு முதலிய ஊர்களில் சடங்கு நடைபெற்று, நிறைவாகத் திருக்குளிர்த்தி பாடப்படும். மதுரையை எரித்த அம்மனின் கோபத்தழலைத் தணித்து, ஊருக்கு மழையும் நோயற்ற வாழ்வும் வேண்டி நடக்கும் சடங்கு அது. அம்மை, கொப்புளிப்பான் போன்ற வெப்பு நோய்கள் ஊரைப் பிடித்த காலங்களில் முன்னோர் அம்மனின் குளிர்ச்சியையே நாடினர். பெருந்தொற்று ஆண்டுகளில் இச்சடங்கும் மக்கள் கூட்டமின்றி மட்டுப்படுத்தப்பட்ட முறையில் நடந்தமை பலருக்கு நினைவிருக்கும்.

இச்சடங்கில் ஓர் ஆழ்ந்த கருத்து உண்டு. நீதிக்காக எரிந்தவளை, "நீயே அணைந்துகொள்" என்று ஊர் விட்டுவிடவில்லை. ஊரே கூடி, பாடி, நீர் தெளித்துக் குளிர்விக்கின்றது. எரிந்தவர் தம்மைத் தாமே குளிர்வித்துக்கொள்ள முடியாது என்பதை இந்த மண் அறிந்திருக்கின்றது. தாதியருக்கும் அத்தகைய குளிர்த்தி வேண்டும்.

அதில் அரசின் பங்கு முதன்மையானது. போதிய ஆளணி, முறையான ஓய்வு, அச்சமின்றி மனநல உதவி பெறும் வசதி ஆகியன அதன் கடமை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இன்றிக் கடமைக்குச் செல்லவே தாதியர் அல்லல்பட்டனர். பலர் நாட்டை விட்டுச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற சுமையும் எஞ்சியவர்களின் தோளில் ஏறியது. இதனை ஊர் மட்டும் தீர்த்துவிட முடியாது.

ஆனால் ஊரால் முடிந்தவையும் உண்டு. இரவுக் கடமை முடித்து வரும் பெண், வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் இரண்டாவது கடமையைத் தொடங்குகின்றார். கணவரும் பிள்ளைகளும் அன்று தேங்காய் துருவினால் அதுவே ஒரு குளிர்த்தி. நோயாளியைப் பார்க்கச் செல்பவர்கள் பார்வை நேரத்தை மதித்து, தாதியிடம் குரல் உயர்த்தாமல் பேசினால் அதுவும் குளிர்த்தி. மரணம் நிகழ்ந்த வீட்டார், துக்கம் ஆறிய பின் ஒருநாள் அந்த விடுதிக்குச் சென்று, "கடைசி நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், மகள்" என்று கூறினால், பல வருடங்களாக நள்ளிரவில் எழுந்து நிற்கும் அக்கேள்விக்கு அது பதிலாக அமையும்.

ஆலயங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி நாள் முழுவதும் ஒலிப்பது வழக்கமாகிவிட்டது. விடியவிடிய நோயாளர்களோடு விழித்திருந்த ஒருவர் ஆலயத்துக்கு அயலிலுள்ள வீட்டில் பகலில் உறங்க முயல்கின்றார். பூசை நேரம் தவிர்ந்த வேளைகளில் அவ்வொலியைக் குறைப்பதால் இறைவனுக்குரிய வழிபாட்டில் எக்குறையும் நேராது. உறங்கும் தொண்டரின் உறக்கம் காப்பதும் ஒரு திருத்தொண்டே.

பெருந்தொற்று முடிந்துவிட்டது என்று உலகம் அதனை மறந்து வருகின்றது. இனியொரு நோய் வரலாம், வராமலும் போகலாம். நோய் இல்லாத நாளிலும் ஏதோ ஒரு விடுதியில், ஏதோ ஒரு கட்டிலின் அருகே, ஓர் உழைச்செல்வாள் விழித்துக்கொண்டு நிற்பாள். விஷத்தை உண்ட பெருமானுக்குத் தம் மடியைக் கொடுத்த அம்பிகையின் கருணை, ஊரவர் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் சுரக்க வேண்டும். விக்கினங்களைத் தீர்க்கும் விநாயகப் பெருமான் அதற்கு அருள்புரிவாராக.